ஞாயிற்றுக்கிழமை சூப்பில் பாப்ரிகா பொடி கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் வந்த ‘ஹங்கேரி கோழி நூடுல்ஸ் சூப்’ செய்முறையைப் படித்தேன். நான் ஒன்பது வருஷமாக புடாபெஸ்டில் இருப்பவள், இங்கிருந்தே உங்கள் பத்திரிகையை ஃபோனில் படிப்பவள், அதனால் தலைப்பைப் பார்த்ததும் ரொம்ப சந்தோஷமாகத்தான் திறந்தேன். இரண்டாவது வரியிலேயே ‘மூன்று ஸ்பூன் பாப்ரிகா பொடி’, அதாவது ஹங்கேரியின் சிவப்பு மிளகாய்ப் பொடி, என்று இருந்தது. அப்புறம் பிரஷர் குக்கர், ஆறு விசில். கடைசியில், நூடுல்ஸை அந்த சூப்பிலேயே போட்டுக் கொதிக்க விடவும் என்று முடித்திருந்தார்கள். மூன்றுமே தப்பு. போனால் போகட்டும் என்று விடக்கூடிய தப்பாக இருந்தால் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். இந்த மூன்றையும் செய்தால் கிடைப்பது வேறு ஏதோ ஒரு குழம்பு, அது ருசியாகக்கூட இருக்கலாம், ஆனால் ஹங்கேரிக்காரர்கள் ஞாயிறு மத்தியானம் மேஜை நடுவில் கொண்டுவந்து வைக்கிற அந்த சூப் அதுவல்ல.

தப்பு எங்கிருந்து வந்திருக்கும் என்று புரிகிறது. ஹங்கேரி என்றாலே பாப்ரிகா என்று உலகத்துக்கே மனதில் பதிந்துவிட்டது. அதில் பொய்யும் இல்லை, ஸெகெத், கலோச்சா என்ற இரண்டு ஊர்களின் பெயரே மிளகாய்ப் பொடியால்தான் வெளியே தெரிகிறது. குயாஷ் என்கிற இறைச்சி சூப் சிவப்பு, மீன் சூப் சிவப்பு, பாப்ரிகாஷ் கோழி சிவப்பு. இதையெல்லாம் பார்த்தவர்கள் கோழி சூப்பும் சிவப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் இது தெளிந்த சூப். ரசத்தைக் கலக்காமல் வைத்தால் மேலே நிற்குமே ஒரு தெளிவு, அப்படி. நிறம் பொன் மஞ்சள், மேலே சின்னச் சின்ன வட்டமாகக் கொழுப்பு மின்னும், தட்டின் அடியில் வரைந்திருக்கிற பூ தெரிய வேண்டும். பூ தெரியாவிட்டால் அந்த வீட்டு அம்மாவுக்கு அன்றைக்கு முகம் சரியாக இருக்காது.

இதன் பெயர் ஹூஷ்லெவெஷ். ஹூஷ் என்றால் இறைச்சி, லெவெஷ் என்றால் சூப். மாட்டிறைச்சியிலும் செய்வார்கள், கோழியும் மாடும் சேர்த்தும் செய்வார்கள். கோழியில் மட்டும் செய்தால் ட்யூக்ஹூஷ்லெவெஷ், அதிலும் ‘ட்யூக்’ என்பது வெறும் கோழி இல்லை, முட்டையிட்ட பெட்டைக் கோழி. இந்த ஒரு சொல்லிலேயே பாதி செய்முறை இருக்கிறது.

நான் முதல் தடவை செய்தபோது எனக்கு இது எதுவும் தெரியாது. நாங்கள் அப்போது இருந்தது டான்யூப் ஆற்றின் கிழக்குக் கரையான பெஸ்ட் பக்கத்துப் பழைய அடுக்குமாடி, நடுவில் முற்றம், ஒவ்வொரு மாடியிலும் முற்றத்தைச் சுற்றி இரும்புக் கம்பி போட்ட நடை, எல்லா வீட்டு சமையலறை ஜன்னலும் அந்த நடையைப் பார்த்துத்தான் திறக்கும். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கெல்லாம் இரண்டு விஷயம் நடக்கும். எங்காவது ஒரு வீட்டில் இறைச்சித் துண்டைச் சுத்தியலால் தட்டித் தட்டி மெலிதாக்குகிற சத்தம், ரொட்டித்தூள் தோய்த்துப் பொரிப்பதற்கு. அப்புறம் எல்லா ஜன்னலில் இருந்தும் இந்த சூப்பின் வாசனை. வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, அந்த வாசனையில் நின்று நானும் செய்தேன், குக்கரில், பிராய்லர் கோழியில், பதினைந்து நிமிஷத்தில். பக்கத்து வீட்டு நேனி (வயதில் பெரிய பெண்களை இங்கே அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள்) எட்டிப் பார்த்தார். குக்கருக்குள் சாம்பல் நிறத்தில் கலங்கிய தண்ணீர், கரைந்துபோன கேரட். அவர் ஒன்றும் சொல்லவில்லை, தன் வீட்டுக்குள் போய் ஒரு கரண்டி எடுத்துவந்து என் கையில் கொடுத்து, “அடுத்த ஞாயிறு எட்டு மணிக்கு வா” என்றார். போனேன். அதற்குப் பிறகு நாலு வருஷம், அவர் மகள் வீட்டுக்குக் குடிபோகும் வரை, பல ஞாயிறுகள் அவர் அடுப்புப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். கீழே எழுதுவது அவரிடம் கற்றது, அப்புறம் நானே செய்து செய்து கண்டது.

முதலில் கோழி. இளங்கோழி வேண்டாம். ‘கிழக் கோழியில்தான் நல்ல சூப் வரும்’ என்று ஹங்கேரியில் ஒரு பழமொழியே உண்டு. வயதான கோழியின் மூட்டிலும் தோலிலும் தசையிலும் இருக்கிற கெட்டியான இணைப்புத் திசு மணிக்கணக்கில் வெந்தால்தான் கரைந்து சாறில் இறங்கும், அதுதான் வாயில் அந்த வழவழப்பைத் தருகிறது. பிராய்லர் ஒரு மணி நேரத்தில் நார் நாராகப் பிரிந்துவிடும், அதற்குள் சாறுக்கு ஒன்றும் சேர்ந்திருக்காது. இங்கே கடைகளில் ‘லெவெஷ்ட்யூக்’ என்றே, அதாவது சூப் கோழி என்றே, தனியாக விற்கிறார்கள். நான் சனிக்கிழமை காலை ஃபோவாம் சதுக்கத்துப் பெரிய சந்தைக் கட்டடத்துக்குப் போய் வாங்குவேன், 1897இல் திறந்த அந்தக் கட்டடத்தில் சுற்றுலாக்காரர்கள் மாடியில் மேஜைவிரிப்பு வாங்கிக்கொண்டிருக்க, கீழே கோழிக் கடைகளில் கிழவிகள் கோழியின் நெஞ்செலும்பை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வளைந்து கொடுத்தால் இளசு, கல் மாதிரி நின்றால் கிழம். கூடவே கோழிக் கால் நாலைந்து, கழுத்து, முதுகெலும்புத் துண்டுகள் வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது. கால்களைச் சுடுநீரில் முக்கித் தோலை உரித்து, நகத்தை வெட்டிவிட்டுப் போட வேண்டும். கல்லீரலை மட்டும் சூப்பில் போடாதீர்கள், சாறு கலங்கிவிடும். அதைத் தனியாக எடுத்துவைத்தால் அரைத்து ரவை மாதிரி உருண்டை பிடித்து வேறொரு நாள் சூப்பில் போடலாம்.

சூப் கோழி கிடைக்காத ஊரில் என்ன செய்வது என்று கேட்டால், முட்டையிட்டு ஓய்ந்த கோழி எங்கே கிடைக்குமோ அங்கே விசாரியுங்கள் என்றுதான் சொல்வேன். அதுவும் இல்லையென்றால் எலும்பும் காலும் நிறைய போட்டு, இளங்கோழியை மட்டும் வெந்ததும் வெளியே எடுத்து, எலும்பைத் தொடர்ந்து வேகவிடுங்கள்.

அடுத்தது காய்கள். உங்கள் செய்முறையில் கேரட், பீன்ஸ், சோளம் என்று போட்டிருந்தது. பீன்ஸும் சோளமும் இதில் சேர்ந்தவை இல்லை. இங்கே சந்தையில் ‘சூப் காய்’ என்று கேட்டால் ஒரு கட்டாகவே கொடுப்பார்கள்: கேரட், பார்ஸ்லி வேர், ஒரு துண்டு செலரிக் கிழங்கு, ஒரு நூல்கோல், மேலே பார்ஸ்லித் தழையும் செலரித் தழையும். இதில் பார்ஸ்லி வேர்தான் முக்கியம். பார்க்க வெள்ளைக் கேரட் மாதிரி இருக்கும், வீட்டில் அதை வெள்ளைக் கேரட் என்றே கூப்பிடுபவர்களும் உண்டு, ஆனால் மணம் முழுக்க வேறு, மண் வாசனையும் தழை வாசனையும் கலந்த ஒரு இனிப்பு. இந்த சூப்பை முகர்ந்ததும் ‘ஹங்கேரி’ என்று மூக்குக்குத் தெரிவது அதனால்தான், பாப்ரிகாவால் இல்லை. அது கிடைக்கவே கிடைக்காத இடத்தில் பார்ஸ்லித் தண்டுகளை ஒரு பெரிய கொத்தாகக் கட்டிப் போட்டால் ஓரளவு அந்தப் பக்கம் வரும். செலரிக் கிழங்கில் உள்ளங்கை அளவு போதும், கூடிவிட்டால் மற்ற எல்லாவற்றையும் அடக்கிவிடும்.

வெங்காயம் ஒன்று, தோலோடு. வெளித்தோலில் அழுக்கானதை மட்டும் எடுத்துவிட்டு, கழுவி, அந்தச் செம்பழுப்புத் தோலோடு முழுசாகவே உள்ளே போட வேண்டும். நிறம் அதில் இருந்துதான் வருகிறது, மஞ்சள் தூள் தேவையே இல்லை. பூண்டு இரண்டு பல், முழு மிளகு பத்துப் பதினைந்து (டீத்தூள் போடுகிற ஓட்டைக் குண்டு இருந்தால் அதில் அடைத்துவிட்டால் கடைசியில் தேடிப் பொறுக்க வேண்டாம்), உப்பு. சிலர் ஒரு காளான், சிலர் சவாய் கோஸில் ஒரு இலை, கோடையில் ஒரு முழுத் தக்காளியும் ஒரு முழுப் பச்சைக் குடைமிளகாயும், வசதியிருந்தால் ஒரு சிட்டிகை குங்குமப்பூ. எந்த வீட்டில் எது போடுவார்கள் என்பதில் சண்டையே நடக்கும். பொடி போடக்கூடாது என்பதில் மட்டும் சண்டை கிடையாது.

இனி தீ. இந்த சூப்பில் இருக்கிற வேலை எல்லாம் இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டு கிலோ கோழிக்கு நாலு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைத் தண்ணீர், சுடுதண்ணீர் இல்லை. கோழியைத் துண்டு போட்டுப் பெரிய பாத்திரத்தில் அடுக்கி, தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டு, மூடாமல், சின்னத் தீயில் வைக்க வேண்டும். சூடேற முக்கால் மணி நேரம் ஆகும், ஆகட்டும். மெதுவாகச் சூடேறினால் இறைச்சியில் இருந்து கசிகிற புரதம் மெல்லத் திரண்டு, சாம்பல் நிற நுரையாக மேலே வந்து நிற்கும், கரண்டியால் அப்படியே வழித்து எடுத்துவிடலாம். வேகமாகக் கொதிக்கவிட்டால் அதே நுரை உடைந்து தூள் தூளாகி சாறோடு கலந்துவிடும், கொழுப்பும் தண்ணீரோடு அடித்துக் கலந்து பால் மாதிரி ஆகிவிடும், பிறகு எந்தத் துணியில் வடிகட்டினாலும் தெளியாது. என் குக்கரில் நடந்தது அதுதான். நேனி அந்த முதல் ஞாயிறு என்னை அடுப்பு முன்னால் நிறுத்திவைத்து நுரை எடுக்கச் சொன்னார், அரை மணி நேரம், எடுக்க எடுக்க வரும், ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு கரண்டியை அதில் அலசி அலசி எடுக்க வேண்டும். கடைசியில் வெள்ளை நுரையாக மாறும், பிறகு நின்றுவிடும். அதற்குப் பிறகுதான் மிளகும் பூண்டும் வெங்காயமும் உள்ளே போக வேண்டும், முன்னாலேயே போட்டால் நுரையோடு மிளகும் வந்துவிடும்.

அதன் பிறகு சாறு கொதிக்கவே கூடாது. தளதளவென்று ஒரு தடவைகூடக் கூடாது. பாத்திரத்தின் ஒரு ஓரத்தில் குமிழி ஒன்று வரும், உடையும், கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அவ்வளவுதான் தீ. ஹங்கேரிய மொழியில் இப்படி வேகவைப்பதற்கு முத்து என்ற சொல்லில் இருந்தே ஒரு வினைச்சொல் வைத்திருக்கிறார்கள், முத்து முத்தாக வேகவைப்பது என்று சொல்லலாம். நேனி வீட்டு கேஸ் அடுப்பில் தீ அதற்கு மேல் குறையாது என்பதால், பாத்திரத்தைப் பாதி அடுப்பிலும் பாதி வெளியிலும் இருக்கும்படி இழுத்து வைப்பார். மூடி வைக்கும்போது ஒரு மரக்கரண்டியைக் குறுக்கே போட்டு, அதன் மேல் மூடியைச் சாய்த்துவிடுவார், ஆவி போக வழி வேண்டும் என்று. நான் ஒரு தடவை பொறுமை இல்லாமல் கரண்டியை விட்டுக் கிளறப் போனேன், கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். கிளறக் கூடாது. எதையும் தேடி எடுக்கக் கூடாது. அது தன்பாட்டுக்கு இருக்கட்டும்.

கிழக் கோழி என்றால் மூன்று மணி நேரம், சில சமயம் நாலு. பாதி வெந்த பிறகு காய்களைப் போட வேண்டும், கேரட்டையும் பார்ஸ்லி வேரையும் நீளவாக்கில் இரண்டாகவோ நாலாகவோ, பொடியாக வெட்டினால் கரைந்துவிடும். தழைக் கட்டு கடைசி அரை மணி நேரத்தில். இரண்டாவது தடவை தண்ணீர் சேர்க்காதீர்கள், முதலிலேயே தேவையானதை ஊற்றிவிடுங்கள். முதலில் உப்பைக் குறைவாகப் போட்டு, கடைசியில் ருசி பார்த்துச் சரி செய்யுங்கள், சாறு சுண்டும்போது உப்பு தானாக ஏறும்.

வெந்ததும் உடனே வடிக்கக் கூடாது. அடுப்பை அணைத்து, அரை டம்ளர் பச்சைத் தண்ணீரை மேலாக ஊற்றி, இருபது நிமிஷம் அப்படியே விட்டால் மிதக்கிற தூளெல்லாம் அடியில் இறங்கிவிடும். பிறகு பாத்திரத்தைக் கவிழ்க்காமல், மேலிருந்து கரண்டி கரண்டியாக மொண்டு, மெல்லிய வடிகட்டியில், இருந்தால் ஈரத்துணி விரித்து, வடிக்க வேண்டும். இந்த இருபது நிமிஷத்தைத் தவறவிட்டவர்கள்தான் ‘எவ்வளவு செய்தும் தெளியவில்லை’ என்பார்கள்.

இனி நூடுல்ஸ். இதை சூப்பில் வேகவைக்கக்கூடாது என்பது தெளிவுக்காகத்தான், மாவு கரைந்து மூன்று மணி நேர உழைப்பைக் கலக்கிவிடும், மிச்சம் இருந்தால் மறுநாள் நூடுல்ஸ் சாறை எல்லாம் உறிஞ்சிக் களியாகிவிடும். தனியாக உப்புத் தண்ணீரில் வேகவைத்து வடித்து, ஒரு கரண்டி சூப்பை ஊற்றிப் பிரட்டி வைத்தால் ஒட்டாது. வீட்டிலேயே செய்வது சுலபம். கணக்கு: ஒரு முட்டைக்கு பத்து டெகா மாவு. டெகா என்றால் பத்து கிராம், இங்கே கடையில் யாரும் கிராமில் கேட்பதில்லை, இருபது டெகா பன்றி சாஸேஜ் என்றுதான் கேட்பார்கள், எனக்கே இப்போது கை அந்தக் கணக்கில்தான் போகிறது. கடை நூடுல்ஸ் வாங்கினாலும் பொட்டலத்தில் ‘நாலு முட்டை’, ‘எட்டு முட்டை’ என்று போட்டிருக்கும், ஒரு கிலோ மாவுக்கு எத்தனை முட்டை என்ற கணக்கு அது. சூப்புக்கு எட்டு முட்டைதான் எடுப்பார்கள்.

மாவில் தண்ணீர் கூடாது, முட்டை மட்டும், ஒரு சிட்டிகை உப்பு. முதலில் கல் மாதிரி இருக்கும், பத்து நிமிஷம் அழுத்திப் பிசைந்தால் பளபளப்பாக வழிக்கு வரும். அரை மணி நேரம் மூடிவைத்து, கட்டையால் மெல்லியதாக, கீழே இருக்கிற மரப்பலகையின் ரேகை தெரிகிற அளவுக்குத் தேய்க்க வேண்டும். (அந்தப் பலகையின் கீழ் ஓரத்தில் ஒரு மரக்கட்டை அடித்திருக்கும், மேஜை விளிம்பில் மாட்டிக்கொண்டு தேய்க்கும்போது நகராமல் நிற்கும், இது எல்லா வீட்டிலும் உண்டு.) தேய்த்த மாவுத் தகட்டைத் துணி மேல் விரித்து இருபது நிமிஷம் காயவிட்டு, பாய் மாதிரி சுருட்டி, கூர்க்கத்தியால் நூல் நூலாக நறுக்க வேண்டும். இதற்குப் பெயரே நூல் நூடுல்ஸ்தான், அவர்கள் மொழியில் ட்ஸேர்னாமெதேல்த். ஈரமாக நறுக்கினால் ஒட்டும், ரொம்பக் காய்ந்தால் உடையும். தகட்டைக் கையில் தூக்கினால் தோல் மாதிரித் தொங்க வேண்டும், அதுதான் பக்குவம்.

நேனி டெப்ரெட்சென் பக்கத்துக் கிராமத்துக்காரர், அதனால் பண்டிகை நாளில் அவர் செய்தது சிகாடேஸ்தா, நத்தை நூடுல்ஸ். ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான சதுரமாக மாவை வெட்டி, கோடு கோடாக வரிபோட்ட சின்னப் பலகையில் மூலைவாக்கில் வைத்து, மெல்லிய குச்சியால் உருட்டித் தள்ளினால் வரிவரியான குட்டிச் சங்கு ஒன்று குச்சியில் சுற்றி வரும். அந்த வரிப்பலகை பழைய காலத்தில் தறியின் அச்சுப் பலகைதான், நாணல் பல்லுகள் இருக்குமே, நெய்வதை நிறுத்திய வீடுகளில் அதை வெட்டி இதற்கு வைத்துக்கொண்டார்கள். கல்யாணத்துக்கு முந்தைய வாரம் பெண்கள் பத்து இருபது பேர் ஒரு வீட்டில் கூடி, ராத்திரி வரைக்கும் பேசிக்கொண்டே இதை உருட்டுவார்களாம், நேனி சொல்லும்போது அவருடைய கட்டைவிரல் மேஜை மேல் தானாகவே உருட்டும். சூப்புக்கு முன்னால் எதுவும் பரிமாறுவதில்லை, கல்யாண விருந்தின் முதல் தட்டே இதுதான், அதைக் கொண்டுவரும்போது வோஃபேய் எனப்படுகிற மாப்பிள்ளைத் தோழன் எழுந்து நின்று எதுகை மோனையோடு பாட்டாகச் சொல்லி அறிவிப்பார். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஒரு பாட்டு உண்டு.

பரிமாறுவதிலும் ஒரு முறை இருக்கிறது. முதலில் தட்டில் நூடுல்ஸ், அதன் மேல் கொதிக்கக் கொதிக்க சாறு. காயும் இறைச்சியும் வேறொரு தட்டில் தனியாக அடுக்கி வரும், வேண்டியவர்கள் சூப்பிலேயே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், இல்லாவிட்டால் சூப் முடிந்த பிறகு அந்த வெந்த கோழியைத் தக்காளிச் சாஸோடோ புளிச்ச செர்ரிச் சாஸோடோ சாப்பிடலாம். பழச் சாஸோடு வெந்த இறைச்சியா என்று முதலில் தயங்கினேன், இப்போது அதற்காகவே கோழியைக் கொஞ்சம் கூடுதலாக வாங்குகிறேன். காரம் இந்த இடத்தில்தான் வருகிறது, பாத்திரத்தில் இல்லை, மேஜையில். ஒரு சின்னத் தட்டில் காரமான பச்சை மிளகாயோ குண்டு மிளகாயோ, இல்லை ஜாடியில் அரைத்த மிளகாய் விழுது. வேண்டியவர் வேண்டிய அளவு தன் தட்டில் கலந்துகொள்ளலாம். குழந்தைக்கும் தாத்தாவுக்கும் ஒரே பாத்திரம் போதும்.

இவ்வளவும் பன்னிரண்டு மணிக்குத் தயாராக இருக்க வேண்டும். கோயில் மணி அடிக்கும், வானொலியிலும் தினமும் ஒலிபரப்புவார்கள். 1456இல் நாந்தோர்ஃபெஹேர்வார் கோட்டையில், இன்றைய பெல்கிரேடில், ஹங்கேரியத் தளபதி ஹுன்யாதி யானோஷ் துருக்கியப் படையை வென்றதோடு சேர்த்துத்தான் அந்த நடுப்பகல் மணியை ஹங்கேரியர்கள் நினைக்கிறார்கள். எங்கள் மாடியில் அது சூப்பு மணி. மணி ஓயும்போது கரண்டி தட்டில் படும் சத்தம் முற்றம் முழுக்கக் கேட்கும். ஞாயிற்றுக்கிழமைக்கு அவர்கள் மொழியில் இருக்கிற சொல்லுக்குச் ‘சந்தை நாள்’ என்றுதான் அர்த்தம், ஆனால் என் காதில் வஷார்னாப் என்று விழுந்தால் இந்த வாசனைதான் வருகிறது.

ஹோட்டலில் சாப்பிடப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. மெனு அட்டையில் ‘ஊய்ஹாஸி சூப்’ என்று இருந்தால் அதுவும் இதே குடும்பம்தான். தேசிய நாடக அரங்கில் நடித்துப் புகழ்பெற்ற ஊய்ஹாஸி எடெ (இங்கே குடும்பப் பெயர் முதலில் வரும்), 1915இல் காலமானவர், அவர் பெயரில் நிற்கிறது. புடாபெஸ்ட் நகரப் பூங்காவில் வம்பெதிச் என்பவரின் உணவகத்தில் அந்த சூப் பிரபலமானதாகச் சொல்வார்கள், 1910இல் அந்த இடத்தை குண்டெல் காரோய் எடுத்து நடத்தினார், குண்டெல் உணவகம் என்று இன்றும் எல்லாரும் அறிந்த இடம் அது. காளானும் பச்சைப் பட்டாணியும் சேர்ந்து கொஞ்சம் ஆடம்பரமாக இருக்கும். நல்ல சூப்தான். ஆனால் வீட்டுக்கு அது கட்டாயம் இல்லை.

பிள்ளை பெற்ற வீட்டுக்கு இந்த சூப்பை எடுத்துப் போகிற வழக்கம் ஒன்று இருந்தது, கொமாதால் என்று சொல்வார்கள், ஞானத்தாயாக நிற்கிறவள் புதுத்தாய்க்குப் பெரிய பானையில் கோழி சூப்பும் பலகாரமும் துணியில் கட்டி எடுத்து வருவாள், தாய் எழுந்து அடுப்படிக்குப் போகும் வரை. எனக்கு மகள் பிறந்தபோது எங்கள் சொந்தக்காரர்கள் யாரும் பக்கத்தில் இல்லை, விசா வரத் தாமதமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த மறுநாள் கதவைத் தட்டினார் நேனி. இரண்டு கையாலும் பிடித்த பானை, மேலே சிவப்புக் கட்டம் போட்ட துணி. எட்டு நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். உட்கார்ந்து நான் குடித்து முடிக்கும் வரை போக மாட்டார், பானையைக் கழுவித் தரவும் விட மாட்டார். அந்த ருசியைத்தான் உங்கள் செய்முறையில் மூன்று ஸ்பூன் பாப்ரிகா பொடியின் கீழ் பார்த்தேன், ஐயா, அதனால்தான் மனசு கேட்கவில்லை.

மிச்சம் வந்தால் கவலையே வேண்டாம். ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்த சாறு காலையில் ஜெல்லி மாதிரி ஆடினால் நீங்கள் சரியாகச் செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம், தண்ணீராகவே இருந்தால் கோழி இளசு அல்லது நேரம் போதவில்லை. மேலே உறைந்து நிற்கிற மஞ்சள் கொழுப்பைத் தூக்கிப் போடாதீர்கள், அதில் ரவையும் முட்டையும் சேர்த்து உருண்டை பிடித்து, அடுத்த நாள் அதே சாறைச் சூடாக்கி அதில் போடலாம். புத்தாண்டு அன்று மட்டும் இதைச் செய்யாதீர்கள், கோழி பின்னால் கிளறுகிற பிராணி, அன்றைக்குச் சாப்பிட்டால் வீட்டு அதிர்ஷ்டத்தையும் கிளறித் தள்ளிவிடும் என்று இங்கே யாரும் கோழியைத் தொட மாட்டார்கள், பன்றியும் பருப்பும்தான்.

உங்களிடம் கேட்பது இதுதான். அந்தச் செய்முறைக்கு ஒரு திருத்தம் போடுங்கள். முழுவதும் போட இடம் இல்லையென்றால், பாப்ரிகா பொடி வேண்டாம், குக்கர் வேண்டாம், நூடுல்ஸைத் தனியாக வேகவைக்கவும் என்ற மூன்றை மட்டுமாவது போடுங்கள். சிவப்பாகவே வேண்டும் என்கிற வாசகர்களுக்கு பாப்ரிகாஷ் கோழி செய்முறையை அதன் சொந்தப் பெயரிலேயே வெளியிடுங்கள், அதுவும் அருமையான சமையல், வேண்டுமானால் நானே எழுதி அனுப்புகிறேன். நேனி இப்போது மகளோடு வேறு ஊரில் இருக்கிறார், வருகிற மாதம் பார்க்கப் போகிறேன். திருத்தம் வந்தால் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுவேன். தமிழ் படிக்கத் தெரியாதுதான், ஆனாலும் எது எந்த வரி என்று விரல் வைத்துச் சொல்லச் சொல்லி, நுரை எடுப்பதைச் சரியாக எழுதியிருக்கிறார்களா என்று கேட்பார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
புடாபெஸ்ட்